மார்கழிக் குளிரில் ஹீட் பம்ப் ட்ரையர்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் கொடியில் போட்ட ஜீன்ஸ் ரெண்டு நாளானாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் விடாது. துணி காயவைக்கும் ஹீட் பம்ப் ட்ரையர் வாங்குகிறவர்கள் அதைக் கிரில் போட்ட யுடிலிட்டி பால்கனியில்தான் வைக்கிறார்கள். பனிக்காற்று நேரே வந்து அடிக்கும் இடம் அது.

இந்த மெஷினுக்குள் ஃப்ரிட்ஜில் இருப்பது போலக் கம்ப்ரஸர் உண்டு. டிரம்மின் ஈரக் காற்றைக் குளிர்ந்த காயிலில் (சுருள் குழாயில்) விட்டு நீரைப் பிரித்து, அதே காற்றைச் சூடான காயிலில் சூடாக்கித் திருப்பி அனுப்புகிறது. சூடு உள்ளேயே சுற்றுவதால்தான் கரண்ட் மிச்சம். வெளிக்குளிர் உடம்புத் தகடு வழியாக அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டால், சூடேறவே நேரம் பிடிக்கும். பெரும்பாலான மாடல்களுக்கு அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். நம் ஊர்க் குளிரில் மெஷின் நிற்காது, இழுத்தடிக்கும். (தர்மபுரி டவுனில் தொல்லை நேர்மாறு: சித்திரையில் மூடிய அறை 35-ஐத் தாண்டிவிடும்.)

அதனால் காலையில் ஓட்டாதீர்கள், மதியம் 12 மணிக்கு மேல் ஓட்டுங்கள். காற்றடிக்கும் பக்கக் கிரில்லுக்குப் பிளாஸ்டிக் ஷீட் கட்டுங்கள். மெஷின் மேலேயே போர்வை போர்த்துவது தப்பு, காற்றுத் துவாரம் அடைபடும்.

எல்லாவற்றையும்விட வாஷிங் மெஷினின் ஸ்பின் முக்கியம். நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்த 5 கிலோ துணியில் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும், 1400-இல் இரண்டரை. அந்த ஒரு லிட்டரை ட்ரையர் எடுப்பதைவிட வாஷிங் மெஷின் பிழிவது மலிவு.

பஞ்சு ஃபில்டரை ஒவ்வொரு லோடுக்கும் துடையுங்கள். மாதம் ஒருமுறை குழாயடியில் பிடித்துப் பாருங்கள்: தண்ணீர் வலையில் இறங்காமல் குளம் கட்டினால், கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னரின் படலம் ஒட்டியிருக்கிறது. பழைய பல் பிரஷ், சோப்பு போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

துணி ஈரமாக இருக்கும்போதே "முடிந்தது" என்று காட்டுகிறதா? டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள்தான் ஈரத்தை அறியும் சென்சார். போர் தண்ணீரின் உப்புப்படலம் படிந்தால் ஏமாறும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகும். டவலையும் நைலான் துணியையும் சேர்த்துப் போட்டாலும் இதே கோளாறு வரும்.

லோடு முடிந்தும் ட்ரையரின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் இருக்கிறது, துணியும் ஈரம், ஃபில்டரும் சுத்தம் என்றால் முதலில் தண்ணீர் தொட்டிக்கு வராமல் வடிகுழாயில் தனியே போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காயிலில் பஞ்சு அடைத்திருக்கும். காயில் மூடியைத் திறந்து மெல்லிய பிரஷ்ஷால், தகடுகள் மடங்காமல் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். சில மாடல்களில் காயில் மூடியே திறக்காது. அதற்கு மெக்கானிக்தான் வரவேண்டும்.