லாரித் தொழிலுக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் தையல் ஃபேக்டரிக்குப் போனவர்கள். சீனத் துணி வந்து இறங்கியதும் ஒவ்வொரு ஃபேக்டரியாகப் பூட்டினார்கள், என்னுடையதும் போயிற்று. ஒரு லாரிக் கம்பெனியில் பில் எழுத ஆள் கேட்டார்கள், ஒரு மாதம் பார்ப்போமே என்று போனேன். சில வருஷத்தில் அங்கேயே ட்ரெய்லர் ஓட்டினேன். இப்போது புதிதாக வரும் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன்.

பணம் வீணாகும் தவறை முதலில் சொல்கிறேன். "இப்போதைக்குக் கோட் 10 லைசென்ஸ் எடுப்போம் அக்கா, மீதியை அப்புறம் பார்ப்போம்" என்பார்கள். கோட் 10 என்பது 3,500 கிலோவிலிருந்து 16,000 கிலோ வரையுள்ள வண்டிக்கு. டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கக் கோட் 14 வேண்டும். பதினான்கு இருந்தால் சின்ன வண்டியையும் ஓட்டலாம். பத்தை வைத்துக்கொண்டு ட்ரெய்லரைத் தொட முடியாது. டிரைவிங் ஸ்கூலுக்கும் டெஸ்டுக்கும் இரண்டு தடவை பணம் அழுவதுதான் மிச்சம்.

லைசென்ஸோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். இந்த வேலைக்குப் பிடிபி என்ற தனி அனுமதி வேண்டும். சரக்குக்கு 18 வயது, பயணிகளுக்கு 21, பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்குக்கு 25. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் சர்டிபிகேட்டோடு புதுப்பிக்க வேண்டும். என்னிடம் பழகிய ஒரு பெண், வேலைக்குக் கூப்பிட்ட அன்றுதான் தேதி முடிந்திருப்பதைக் கவனித்தாள். அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

அடுத்தது வெட்கம். இதில் நானே மாட்டினேன். ட்ரெய்லரைக் கோத்துவிட்டு, அதை வண்டியோடு இணைக்கும் கிங்பின் என்ற இரும்பு முளை பூட்டியிருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்க்கவில்லை. யார்டில் ஐந்தாறு ஆண்கள் டீயும் கையுமாக நின்று பார்த்தார்கள். வண்டி நகர்ந்தது, ட்ரெய்லர் நகரவில்லை. ஒரு ஜாண் இறங்கி நின்றது. நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்கும் அதன் இரும்புக் காலை நான் முழுக்கத் தூக்கியிருந்தால் மூக்கு தரையில் குத்தியிருக்கும். யார் சிரித்தாலும் சரி, குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு முதல் கியரில் லேசாக இழுங்கள். பிறகுதான் காலைத் தூக்க வேண்டும்.

இனி யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். டவுன் ஹில் ஏற்றமும் வான் ரீனன் கணவாயும் வழியில். டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் ஓட்டும் பெண்கள் பலர். நீர்க்கடுப்பு, தலைவலி, கடைசியில் ஸ்டியரிங்கிலேயே கண் சொக்கும். எந்த ட்ரக் ஸ்டாப்பில் தாழ்ப்பாள் உண்டு, எங்கே ராத்திரி விளக்கு எரியும் என்று கிளம்புமுன் வண்டிகளை அனுப்பும் கன்ட்ரோலரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லட்டும்.

முதலாளிகள் செய்யும் தவறு வேறு மாதிரி. "பாவம், பொம்பளைப் பிள்ளை" என்று ஊருக்குள்ளேயே ஓட்ட விடுவார்கள். வெளியூர்ப் படி முழுக்க ஆண்களுக்குப் போகும். இந்தப் பரிதாபத்தில் மாசச் சம்பளம் குறைகிறதே, அது யார் கண்ணிலும் படுவதில்லை. பரிதாபத்துக்குப் பதில் சட்டத்தில் இருப்பதைக் கொடுத்தாலே போதும்: 1997 வேலை நிலைமைச் சட்டப்படி மாலை 6 முதல் காலை 6 வரை செய்வது இரவு வேலை, அதற்கு வீட்டுக்கும் வேலைக்கும் போய்வர வண்டி கிடைக்க வேண்டும்.

போக்குவரத்து என்றால் லாரி மட்டும்தான் என்று நினைப்பதும் தவறே. டர்பன் துறைமுகத்தில் கப்பலை வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட் வேலையில், எந்த அளவுக் கப்பலுக்கும் செல்லும் உரிமத்தை 2011இல் மூன்று கறுப்பினப் பெண்கள் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் பிங்கி சுங்கு.

கடைசியாக, விரதம். புரட்டாசியில் கறி தொடாதது சரி, வெறும் வயிற்றோடு மலையேறாதீர்கள். ட்ரக் ஸ்டாப்பில் கிடைப்பதெல்லாம் கறி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டமும் போரவோர்ஸ் என்ற கறிச் சாசேஜும்தான். எங்கள் ஆயா கட்டிக் கொடுக்கும் புளிச்சோறு இரண்டு நாளைக்கும் கெடாது. நல்லெண்ணெயை மட்டும் தாராளமாக ஊற்றுங்கள்.