யானையின் தலையில் தெரிந்த வெள்ளைப் பஞ்சு

பினாங்கில் இருக்கும் என் தங்கை மகனின் முதல் பிறந்தநாளுக்காகச் சாம்பல் நிற யானைப் பொம்மை ஒன்றைக் குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில்) பின்னினேன். பஞ்சை அடைத்ததும், தலையின் கண்ணிகள் விரிந்து, இடைவெளிகளில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது.

3 மில்லிமீட்டர் ஊசியை விட்டு 2 மில்லிமீட்டருக்கு மாறினேன்; நூல் பிரிந்ததும் விரல் வலித்ததும்தான் மிச்சம். பஞ்சைக் குறைத்தால் தலை தொங்கியது. பழைய சாம்பல் நிறக் காலுறைக்குள் பஞ்சை வைத்து நுழைத்தது தலைக்குச் சரிவந்தாலும், மெல்லிய தும்பிக்கைக்குப் பயன்படவில்லை. நான்கு நாட்கள் இப்படியே போயின.

ஐந்தாம் நாள், முன்பு இதே நூலில் பின்னிய முயலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், அதன் கண்ணிகள் பெருக்கல் குறி போலவும் யானையின் கண்ணிகள் ஆங்கில 'வி' எழுத்தைப் போலவும் இருப்பதைக் கவனித்தேன். இடையில் ஒரு காணொளியைப் பார்த்துப் பழகியதில், கண்ணிக்குள் ஊசியை விட்டபின் நூலை ஊசிமேல் சுற்றி இழுக்கத் தொடங்கியிருந்தேன். முன்போ, ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கொக்கியால் நேராகப் பிடித்து இழுப்பேன். அந்த முதல் இழுப்பை மட்டும் பழையபடி மாற்றினேன். ஊசியில் இருக்கும் இரண்டு வளையங்களையும் முடிக்கும் அடுத்த சுற்று வழக்கம்போலவே. 2.5 மில்லிமீட்டர் ஊசியிலேயே இடைவெளி அடைபட்டுவிட்டது.

இவ்வாறு பின்னினால் துண்டு சற்றுச் சிறுத்துவிடும் என்பதால், ஏற்கெனவே செய்த காதுகள் தலைக்குப் பெரிதாகத் தெரிந்தன; அவற்றையும் பிரித்து மீண்டும் பின்னினேன்.