பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பம்ப் முனகுகிறது, வண்டிக்கு அடியில் ஒரு திட்டு, டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கியிருக்கிறது. இதுவரை எல்லோரும் சரியாகத்தான் கவனிக்கிறார்கள். ஸ்பேனரைக் கையில் எடுத்த பிறகு புதியவர்கள் செய்பவை, இன்றைய கைதேர்ந்தவர்கள் ஒரு காலத்தில் செய்து சூடுபட்ட அதே தவறுகள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது என்ற வகைப் பாடங்களை இங்கே விட்டுவிடலாம்.

சொட்டும் இடத்தில் பழுது தேடுவது

பணத்தையும் நாளையும் ஒருசேர விழுங்கும் தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவதும் இதுவே.

வழக்கமான கதை இப்படிப் போகும். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக்குக்கு நேர் கீழே சொட்டு விழுகிறது. "ரேக் போச்சு" என்று முடிவாகிறது. புது ரேக் வருகிறது. டை ராடுகளைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டைப் பிரித்து, மாட்டி, ஆயில் ஊற்றி, வீல் அலைன்மென்டும் பார்த்தாகிறது. மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே திட்டு. மேலே, ஆயிலை டப்பாவுக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. ஆயில் ஹோஸின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ரேக்கின் மேல் இறங்கி, அதன் தாழ்ந்த முனையில் சொட்டியது. ஒரு கிளாம்புக்குத் தீர வேண்டிய வேலை. இதற்கிடையில், தண்டு பிரிந்திருந்தபோது யாரோ ஸ்டீயரிங் வீலைச் சுற்றிவிட்டால், உள்ளே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும் சுருள் நாடா) அறுந்து ஏர்பேக் விளக்கும் எரியும். தண்டைப் பிரிப்பதற்கு முன் வீலை நேராக வைத்து அசையாமல் கட்டிவிட வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

எனவே முதல் வேலை கழுவுவது. இன்ஜின் ஆறியதும் ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, பம்ப், ஹோஸ்கள், ரேக் எல்லாவற்றையும் டிகிரீசர் போட்டுத் துடைத்து உலர விடுங்கள். உறையை எடுத்துவிட்டு, ஆயிலைக் குறி வரை நிரப்பி, இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்ப, மற்றவர் டார்ச்சுடன் மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். முதலில் ஈரமாகும் மேல் இடம்தான் கசிவு. மற்றதெல்லாம் அதன் வழித்தடம்.

அப்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஃபுல் லாக்கில், அதாவது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பிய நிலையில், பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் அழுத்த ஹோஸுக்குள் 1,000 முதல் 1,500 பிஎஸ்ஐ வரை ஏறும். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் அது உடனே அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம். தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டு போதும்.

எங்கே என்ன அடையாளம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பம்பின் தண்டு சீல் போயிருந்தால் புல்லி ஆயிலை விசிறி அடிக்கும். பானட்டின் உட்புறத்தில் ஒரு கோடாகத் தெறித்திருக்கும், பெல்ட் நனைந்து கிறீச்சிடும். அழுத்த ஹோஸ் என்றால், ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் இறுக்கி நசுக்கிய உலோக வளையமான அழுத்துப் பூணில் ஈரம் தெரியும். ரேக்கின் முனைச் சீல் என்றால், ரேக்கின் முனையை மூடும் மடிப்பு ரப்பர் உறைக்குள், அதாவது பூட்டுக்குள் (boot), ஆயில் தேங்கும். பூட்டின் கிளாம்பைத் தளர்த்தி ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஆயில் வழிந்தால்தான் ரேக்கின் முனைச் சீல் மேல் பழி. உள்ளே கிரீஸ் மட்டும் இருந்தால் அந்தச் சீலை விட்டுவிடலாம். ஸ்டீயரிங் தண்டு நுழையும் இடத்துச் சீலைத் தனியாகப் பாருங்கள். சில ரேக்குகளில் இரு பூட்டுகளையும் ஒரு காற்றுக் குழாய் இணைப்பதால், ஒரு பக்கச் சீல் கசிந்து மறுபக்க பூட்டில் ஆயில் தெரிவதும் உண்டு.

ஏமாற்றும் கசிவு ஒன்றும் இருக்கிறது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸில் கிளாம்ப் தளர்ந்தால், ஓடும்போது ஆயில் வெளியே வராது. காற்று உள்ளே போகும். ஆயில் நுரைத்துப் பொங்கி மூடி வழியே வழியும். பார்ப்பவர் மூடியை மாற்றுவார், பிறகு டப்பாவை மாற்றுவார். டப்பாவுக்குள் நுரை தெரிந்தால் முதலில் உறிஞ்சு ஹோஸைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு பிடிபடாவிட்டால், ஆயிலில் கலக்கும் யூவி சாயத்தை ஊற்றிச் சில நாள் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள்.

அழுத்த ஹோஸை வெட்டி, கிளாம்ப் போட்டு இணைப்பது

நிற்காது. முழு ஹோஸையும் மாற்றுங்கள்.

ரிட்டர்ன் ஹோஸுக்குக் கைக்குக் கிடைத்த ரப்பர்

ரிட்டர்ன் பக்கம் அழுத்தம் குறைவு, வெட்டி மாற்றலாம்; அது சரி. ஆனால் ரேடியேட்டர் ஹோஸ் துண்டைச் செருகுவது சரியில்லை. கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். ஆயில் பட்டால் உப்பி, மெத்தென்றாகி, கிளாம்புக்கு அடியிலேயே பிதுங்கிவிடும். சூடான ஆயிலைத் தாங்கும் பவர் ஸ்டீயரிங் ரிட்டர்ன் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். முனை குழாயின் மேட்டைத் தாண்டி நன்றாக ஏற வேண்டும். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே அல்ல.

கசிந்தால் இன்னும் முறுக்குவது

பல வண்டிகளில் அழுத்தக் குழாய் பம்போடு சேரும் இடத்தை அடைப்பது மரை அல்ல, ஓ-ரிங். அது காய்ந்து தட்டையாகிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கசிவு நிற்காது; அலுமினியப் பம்பின் மரைதான் போகும். அப்புறம் புதுப் பம்பு. பழைய ஓ-ரிங்கைக் கழற்றி, பள்ளத்தைத் துடைத்து, புதியதை அதே ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். பேஞ்சோ போல்ட் (ஆயில் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) இருந்தால் இருபுறமும் உள்ள வாஷர்கள் இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். செருகினாலே பூட்டிக்கொள்ளும் சில குயிக் கனெக்ட் இணைப்புகளில் சரியாக மாட்டிய பிறகும் குழாய் கையால் சுழலும். அதன் அமைப்பே அப்படி. தளர்வு என்று நினைத்து முறுக்கி உடைத்தவர்கள் ஏராளம்.

நட்டைக் கழற்ற சாதாரண ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும். நட்டைக் கிட்டத்தட்ட முழுவதும் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் எடுங்கள்.

நிறம் பார்த்து ஆயில் வாங்குவது

டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சிவப்பு, சிஎச்எஃப் 11எஸ் என்ற ஹைட்ராலிக் ஆயில் பச்சை. ஆனால் நிறம் ஒரு விதி அல்ல. வண்டியின் கையேட்டிலும் டப்பா மூடியிலும் எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும்.

பிரேக் ஆயில்

ஊற்றவே கூடாது. அதிலுள்ள கிளைகால் பட்டால் ஸ்டீயரிங் சீல்கள் உப்பி வீணாகும். தவறி ஊற்றியிருந்தால் இன்ஜினைக் கிளப்பாமல் முழுவதையும் உறிஞ்சி எடுங்கள்.

லீக் நிறுத்தும் திரவம்

காய்ந்து இறுகிய சீலைக் கொஞ்ச நாள் மென்மையாக்கும். கிழிந்த ஹோஸுக்கும் தளர்ந்த பூணுக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை.

நிரப்பியதும் இன்ஜினைக் கிளப்புவது

ஹோஸ் மாற்றிய பின் உள்ளே நிறையக் காற்று இருக்கும். அந்த நிலையில் ஓடும் பம்ப் ஆயிலுக்குப் பதில் நுரையை அரைக்கிறது. பம்பின் தகடுகள் உராய்ந்து தேயும். முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தபடியே, ஸ்டீயரிங்கை ஒரு லாக்கிலிருந்து மறு லாக் வரை மெதுவாக 15 முதல் 20 முறை திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி வருவது நின்ற பிறகே இன்ஜின். கிளப்பிய பின்னும் சிலமுறை திருப்புங்கள். லாக்கில் 5 வினாடிக்கு மேல் பிடித்து நிற்க வேண்டாம். ஆயில் பால் கலந்தது போல் வெளுத்தால் அணைத்துவிட்டு, நுரை அடங்கும் வரை காத்திருந்து மறுபடி தொடங்குங்கள்.

மட்டத்தை ஆறிய நிலையில் "கோல்டு" குறிக்குப் பாருங்கள். அதற்கு மேல் நிரப்பினால் சூடானதும் மூடி வழியே பொங்கி வழியும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி கசிவு என்று ரேக்கைக் கழற்றப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.