கற்பனைக் கலத்துக்கு அளவு தருவது எப்படி: அறிவியல் புனைவு மாடல் கட்டுவோருக்கு

ஒரு போர் விமானத்தையோ டாங்கியையோ மாடலாகக் கட்டுகிறவருக்கு ஐயம் எழுந்தால், அருங்காட்சியகத்தில் நிற்கும் அசலையும் பழைய புகைப்படங்களையும் பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடியும். விண்கலம் கட்டுகிறவருக்கு அந்த வழி இல்லை. அது இருபது மீட்டர் நீளக் கலமா, இரண்டு கிலோமீட்டர் நீளக் கலமா என்பதை, மேற்பரப்பில் நீங்கள் இடும் கோடும் குழியும் வண்ணமுமே பார்ப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் எடுபடாமல் போகும் மாடல்களில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் எடுபடாமல் போவதில்லை. ஒரே மாடலில் இரண்டு மூன்று அளவுகள் கலந்து கிடப்பதே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

எனவே பசையைத் தொடுவதற்கு முன்பே அளவு விகிதத்தை முடிவு செய்து, அந்த விகிதத்தில் ஒரு மனிதர் எவ்வளவு உயரம் இருப்பார் என்று கணக்கிட்டு, அந்த உயரத்தில் ஓர் அட்டை உருவத்தை வெட்டி மேசையில் நிறுத்திக்கொள்ளுங்கள். 1.8 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 1/35 அளவில் சுமார் 51 மி.மீ., 1/72 அளவில் 25 மி.மீ., 1/144 அளவில் 12.5 மி.மீ., 1/350 அளவில் 5 மி.மீ.க்குச் சற்று அதிகம், 1/1000 அளவில் 1.8 மி.மீ. இருப்பார். கதவு, ஏணி, கைப்பிடி, சன்னல், தளங்களுக்கு இடையிலான உயரம் அனைத்தும் இந்த உருவத்துக்குக் கட்டுப்பட வேண்டும். ஒரு தளம் 3 மீட்டர் உயரம் என்று கொண்டால், 1/350 அளவில் சன்னல் வரிசைகளுக்கு இடையே ஏறத்தாழ 8.5 மி.மீ. இடைவெளி வரும். அழகுக்காக அதை 5 மி.மீ. ஆக்கினால், உள்ளே இருப்பவர்கள் குனிந்துதான் நடக்க முடியும். பார்ப்பவர் கணக்குப் போடாவிட்டாலும் எங்கோ இடிக்கிறது என்பதை அவர் கண் கண்டுகொள்ளும்.

உடலின் தகடுகள் சந்திக்கும் இடங்களைக் காட்டும் பேனல் கோடுகளில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கீறும் கருவியால் 0.2 மி.மீ. அகலத்தில் ஒரு கோடு இடுகிறீர்கள் என்று வையுங்கள். 1/72 அளவில் அது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான இடுக்கு. இரண்டு தகடுகள் சந்திக்கும் இடமாக ஏற்கலாம். அதே கோடு 1/1000 அளவில் 20 சென்டிமீட்டர் அகலப் பிளவாகிவிடுகிறது. அத்தகைய பெருங்கலங்களில் கோடுகளைக் கீறுவதைக் குறைத்து, தகடுகளின் வேறுபாட்டை வண்ணத்தால் காட்டுவதே நல்லது: அடிப்படைச் சாம்பலில் சற்று நீலம் கலந்தது, சற்று மஞ்சள் கலந்தது, சற்று வெளிறியது என மூன்று சாயல்களை எடுத்து, மாஸ்கிங் டேப்பைச் சிறு செவ்வகங்களாக வெட்டி ஒட்டி, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் மிக மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். கையில் எடுத்து அருகில் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு வேறுபாடு இருந்தால் போதும்.

மேற்பரப்பு நுணுக்கங்களுக்கு மற்ற கிட்களின் (கடையில் விற்கும், பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டிகளின்) பாகங்களை எடுத்தாள்வது இந்தத் துறையின் பழைய மரபு. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கான மாடல்களை உருவாக்கியவர்கள், கடைகளில் விற்ற டாங்கி, விமான, கப்பல் கிட்களிலிருந்து பாகங்களைப் பிரித்தெடுத்தே அவற்றின் மேற்பரப்பை நிரப்பினார்கள். இதைச் செய்யும்போது மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். அடையாளம் தெரியும் பாகத்தை அப்படியே ஒட்டாதீர்கள். டாங்கிச் சக்கரத்தை அனுபவமுள்ள கண் ஒரு நொடியில் பிடித்துவிடும், எனவே அதைப் பாதியாக வெட்டுங்கள், கவிழ்த்து ஒட்டுங்கள், அல்லது அதன்மேல் ஒரு குழாயை ஓடவிடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மனத்துக்குள் ஒரு வேலை கொடுங்கள்: இது எரிபொருள் குழாய், இது வெப்பத்தை வெளியேற்றும் தகடு, இது பழுதுபார்க்கத் திறக்கும் மூடி என்று. எல்லாவற்றையும் விட முக்கியமாக, வெற்றிடம் விடுங்கள். அடர்த்தியான பாகங்கள் ஒரு பள்ளத்திலோ இயந்திரத்தைச் சுற்றியோ திரண்டிருக்க, அதன் அருகே வழவழப்பான பரப்பு ஒன்று அமைதியாகக் கிடந்தால்தான் இரண்டுக்கும் மதிப்பு வரும்.

வெவ்வேறு கிட்களின் பாகங்களும் வெட்டிப் பயன்படுத்தும் வெள்ளை ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டும் கலந்திருக்கும் பரப்பில் குறைகள் கண்ணுக்குப் படுவதில்லை. அதனால் முழு மாடலுக்கும் ஒரே சாம்பல் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இடுக்குகளும் பசைத் தடங்களும் அப்போதுதான் வெளிப்படும். அச்சில் ஊற்றி வார்த்த ரெசின் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவாமல் வண்ணம் அடித்தால், அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையால் வண்ணம் உரிந்துவிடும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் சிமென்ட் ரெசினில் வேலை செய்யாது. சூப்பர் குளூவோ எபாக்சியோ தேவை. ரெசினைத் தேய்க்கும்போது ஈரத்தில் தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள், அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

விளக்கு வைக்க விரும்பினால் உடலை மூடுவதற்கு முன் உட்புறத்துக்குக் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுவர் முழுவதும் மங்கலாக ஒளிர்ந்து, பெருங்கலம் பொம்மையாகிவிடும். 9 வோல்ட் மின்கலத்தில் ஒரு வெள்ளை எல்.இ.டி. எரிய வேண்டுமானால், அது சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 20 மில்லி ஆம்பியர் ஓடும் என்ற கணக்கில் 300 ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் 330 ஓம் ரெசிஸ்டர் பாதுகாப்பானது. சன்னல்களுக்கு ஒளியிழை பயன்படுத்தும்போதும் அளவை மறக்க வேண்டாம்: 0.5 மி.மீ. இழை 1/1000 அளவில் அரை மீட்டர் சன்னல். 1/350 அளவில் அது 18 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஒரு துளை. இழையை வெள்ளைப் பசையாலோ எபாக்சியாலோ ஒட்டுங்கள், சூப்பர் குளூ அதை முறியும் தன்மையுடையதாக்கும்.

பழமைத் தோற்றம் தரும்போது டாங்கிக்குச் செய்வதை அப்படியே விண்கலத்துக்குச் செய்வது தவறு. காற்றில்லாத வெளியில் துரு பிடிக்காது, மழை ஒழுகிய கறையும் வராது. வருவது வேறு: உந்துகுழாயைச் சுற்றி வெப்பத்தால் நிறம் மாறுதல், வளிமண்டலத்துக்குள் திரும்பி வந்த கலத்தின் அடிப்பரப்பில் கருகல், நுண்கற்கள் பட்ட சிறு குழிகள், வேறு கலத்திலிருந்து எடுத்து மாட்டிய நிறம் ஒவ்வாத தகடு. இதற்கு உண்மையான விண்வெளி வாகனங்களே சிறந்த பாடநூல். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் வெளிப்புற எரிபொருள் தொட்டிக்கு முதல் இரண்டு பயணங்களில் மட்டுமே வெள்ளை வண்ணம் பூசப்பட்டது. எடையைக் குறைக்க அதன்பின் வண்ணம் கைவிடப்பட்டதால், காப்பு நுரையின் ஆரஞ்சு நிறமே வெளியே தெரிந்தது. உங்கள் கலத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கட்டும். இடுக்குகளில் எண்ணெய் வண்ண வாஷ் (நீர்க்கக் கரைத்த வண்ணம்) இடுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஓர் அடுக்கு அடித்தால் வாஷ் பரவிக் கறையாகாமல் கோட்டுக்குள் ஓடும். எண்களும் சின்னங்களும் அச்சிட்ட ஒட்டுப்படமான டெக்காலும் அந்தப் பரப்பில்தான் நன்றாக ஒட்டும். இறுதியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

பெரும்பாலான மாடல் இதழ்களில் விமானமும் கவச வண்டியும் கப்பலுமே அதிக இடம் பிடிக்கின்றன. ஆயினும் இதழ்களுக்கும் இந்தத் துறைக்கும் ஆழமான உறவு உண்டு. 1982-இல் ‘ஹாபி ஜப்பான்’ இதழில் மாடல் கலைஞர் கோ யோகொயாமா தொடங்கிய ‘எஸ்.எஃப்.3டி’ தொடர், கையால் கட்டிய மாடல்களின் புகைப்படங்களைக் கொண்டே ஒரு போரின் கதையைச் சொன்னது. அந்த இயந்திரங்கள் பின்னர் 1/20 அளவில் கிட்களாகவே விற்பனைக்கு வந்தன. திரையிலிருந்து இதழுக்கு வருவதுதான் வழக்கம் என்றிருந்த நிலையில், இதழிலிருந்தே ஒரு புனைவுலகம் பிறந்தது என்பதை இந்தத் துறையினர் பெருமையாகவே சொல்லலாம்.

உங்கள் மாடலும் இதழுக்குப் போக வேண்டுமென்றால், பிரைமர் அடிப்பதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துவிடுங்கள். எந்தப் பாகம் கிட்டில் வந்தது, எது வெள்ளை ஷீட்டில் நீங்களே செய்தது என்பது அந்த ஒரு கட்டத்தில்தான் தெரியும். வாசகர் கற்றுக்கொள்வதும் அங்கேதான். முடிந்த மாடலுக்கு முற்றிலும் கறுப்பான பின்னணி வேண்டாம், நிழல் விழுந்த விளிம்புகள் அதில் காணாமல் போகும். கருநீலமோ அடர்சாம்பலோ போதும். காமிராவை முக்காலியில் பொருத்தி, லென்ஸை மாடலின் நடுமட்டத்துக்கோ அதற்குக் கீழோ இறக்கி, திறப்பை எஃப் 16 அளவுக்குக் குறைத்து நீண்ட நேரம் ஒளி விடுங்கள். முன்பகுதி மட்டும் தெளிவாகவும் பின்பகுதி மங்கலாகவும் விழுந்த படம், எதிரில் இருப்பது உள்ளங்கை அளவுப் பொருள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். முகப்பிலிருந்து உந்துகுழாய் வரை கூர்மையாக விழுந்த படத்தில்தான் நீங்கள் 1/350 என்று முடிவு செய்த கலம் அந்த அளவிலேயே நிற்கும்.