ஜப்பானிய நவீனக் கட்டடக்கலையை அணுகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவீன ஜப்பானியக் கட்டடம் என்றதுமே பூச்சில்லாத காங்கிரீட் சுவரும் சாமான் இல்லாத அறையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றை வெறும் பாணியாக எடுத்துக்கொண்டு, எந்தத் தேவையிலிருந்து அவை பிறந்தன என்று கேட்காமல் விடுவதே முதல் தவறு.

ஒசாகாவின் சுமியோஷி பகுதியில் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ வடிவமைத்து 1976இல் கட்டி முடிக்கப்பட்ட வரிசை வீட்டைப் பாருங்கள். வீட்டின் அகலம் மூன்றரை மீட்டருக்கும் குறைவு. நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். தெருப்பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. இத்தனை சிறிய இடத்தையும் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியைக் கூரையில்லாத முற்றமாக விட்டுவிட்டார். படுக்கையறைகள் மாடியிலும் குளியலறை கீழே பின்கட்டிலும் இருப்பதால், மழை இரவில் அங்கே போக வேண்டுமானால் குடை பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இந்தச் சிரமம் உண்மையானது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இருபுறமும் வீடுகள் நெருக்கும் மனையில் ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் அந்த முற்றத்தின் வழியாகவே வருகின்றன என்பதைப் பார்க்காமல், அதை வடிவமைப்புக் கோளாறு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

'மா' என்ற ஜப்பானியச் சொல்லை 'வெற்றிடம்' என்று புரிந்துகொள்வது இன்னொரு தவறு. வாயிலின் வடிவத்துக்குள் சூரியனை வைத்து எழுதப்படும் அந்தச் சொல், இரு பொருள்களுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் இரு கணங்களுக்கு நடுவிலுள்ள நேரத்தையும் ஒருசேரக் குறிக்கும். சுமியோஷி முற்றம் அறைகளைப் பிரித்துக்கொண்டே இணைக்கும் இடைவெளி. நாற்காலிகளை அப்புறப்படுத்துவதால் மட்டும் ஓர் அறைக்கு 'மா' வந்துவிடாது.

பூசாமல் விட்டால் செலவு மிச்சம் என்ற எண்ணமும் ஏமாற்றிவிடும். ஆண்டோவின் சுவர்களில் 90க்கு 180 சென்டிமீட்டர் அளவுள்ள, ஏறக்குறைய ஜப்பானிய வீடுகளில் தரையில் விரிக்கும் ஒரு தாதாமிப் பாயை ஒத்த, சென்ட்ரிங் பலகைகளின் இணைப்புக் கோடுகளும், பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகள் விட்டுச்சென்ற துளைகளும் வரிசை பிசகாமல் தெரியும். கலவை சரியாக இறங்காமல் ஓரிடத்தில் பொந்து விழுந்தால் அதை மறைக்கப் பூச்சு இல்லை. ஆகவே இது மிகத் தேர்ந்த கொத்தனார்களையும் தச்சர்களையும் கேட்கும் வேலை.

கட்டடக் கலைஞரின் கொள்கையையே கட்டடத்தின் வரலாறாக நம்புவதும் தவறுதான். கிஷோ குரோகாவாவின் நகாகின் கோபுரம் 1972இல் தோக்கியோவில் எழுந்தபோது, அதன் 140 அறைப்பெட்டிகளையும் 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை கழற்றிப் புதிதாக மாட்டலாம் என்பதே திட்டம். மேலுள்ள பெட்டிகளை எடுக்காமல் கீழுள்ளதைக் கழற்ற முடியாத அமைப்பு அது. ஒரு பெட்டிகூட மாற்றப்படாமலேயே 2022இல் கோபுரம் பிரிக்கப்பட்டது.