ரெஃபரன்ஸாக அனுப்பியதைக் கம்பைலர் என்ன செய்கிறது? அசெம்பிளியில் பார்க்கும் வழி

ஒரே ஒரு இன்ட் (முழு எண்) மதிப்பாக இருந்தாலும் அதைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக, அதாவது நகலெடுக்காமல் ‘மாற்றமாட்டேன்’ என்ற உறுதியோடு மூல இடத்தையே சுட்டி, அனுப்பினால்தான் வேகம் என்று சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்கள் பலர் நம்புகிறார்கள். இந்தப் பழக்கம் சில லூப்புகளை வீணாக மந்தமாக்குகிறது. நம் குறியீட்டைச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் எழுதித் தரும் அசெம்பிளியை (அந்தக் கட்டளைகளின் எழுத்து வடிவத்தை) பார்த்தால் காரணம் தானே விளங்கிவிடும்.

படி 1: கருவி

கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் இணையதளம் போதும். எந்த வரிக்கு எந்த அசெம்பிளி என்று வண்ணமிட்டுக் காட்டுவதால், தொடக்கத்தில் இதைவிட நல்ல கருவி இல்லை என்பேன். 64 பிட் இன்டெல் வகை ஜிசிசி கம்பைலரைத் தேர்ந்தெடுத்து, தேர்வுப் பெட்டியில் மைனஸ் ஓ1 என்று கொடுங்கள். கம்பைலர் எவ்வளவு மேம்படுத்த வேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது. அந்த ‘ஓ’ பெரிய எழுத்து, பூஜ்யம் அல்ல. நேராக ஓ3-க்குப் போகாதீர்கள். பல மதிப்புகளை ஒன்றாகக் கையாளும் வெக்டர் கட்டளைகள் குவிந்து எதுவும் புரியாது.

படி 2: குறியீடு

தமிழ் எழுத்தில் தருகிறேன், வழக்கமான ஆங்கிலக் குறியீடாகத் தட்டிக்கொள்ளுங்கள்:

வாய்ட் கூட்டு(இன்ட் *அ, இன்ட் ந, கான்ஸ்ட் இன்ட் &க)

உள்ளே ஒரு லூப். அணியின் ஒவ்வோர் உறுப்போடும் ‘க’வைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸ் மரபின்படி ‘அ’ ஆர்டிஐ ரெஜிஸ்டரிலும் (ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்), ‘ந’ ஈஎஸ்ஐயிலும் வரும். ‘க’வுக்கு ஆர்டிஎக்ஸ், அதில் வருவது மதிப்பு அல்ல, முகவரி. தனியாக நிற்கும் ஃபங்ஷனில் ரெஃபரன்ஸ் என்பது பாயிண்டர்தான், அதாவது நினைவக முகவரி.

படி 3: லூப்பின் உள்ளே பாருங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. ஒவ்வொரு சுற்றிலும் ஆர்டிஎக்ஸ் காட்டும் முகவரியிலிருந்து ‘க’வைப் புதிதாகப் படிக்கும் மூவ் கட்டளை லூப்புக்குள்ளேயே இருக்கும். ‘கான்ஸ்ட் என்று எழுதியிருக்கிறோமே, ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று தோன்றும். கூடாது. இந்த ரெஃபரன்ஸ் வழியாக மாற்றமாட்டேன் என்பதுதான் கான்ஸ்ட் தரும் உறுதி. வேறு வழியாக அந்த இடம் மாறாது என்று அது சொல்லவில்லை.

1, 1, 1, 1 என்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாக அதே அணியின் முதல் உறுப்பைக் கொடுங்கள். முதல் சுற்றில் அந்த உறுப்பு 2 ஆகிறது. ‘க’வும் அதே இடம்தான் என்பதால் அதுவும் 2. விடை 2, 3, 3, 3. மதிப்பாக அனுப்பியிருந்தால் 2, 2, 2, 2. இரண்டு பெயர்கள் ஒரே இடத்தைச் சுட்டும் இந்த நிலைக்கு அலியாசிங் என்று பெயர். அழைப்பவர் யாரென்று தெரியாத கம்பைலர், இப்படியும் அழைக்கலாம் என்று கருதியே எழுத வேண்டும்.

இப்போது ‘க’வுக்கு முன்னுள்ள & குறியை நீக்குங்கள். படிக்கும் கட்டளை மறைந்து, ஈடிஎக்ஸ் (ஆர்டிஎக்ஸின் 32 பிட் பகுதி) நேராகக் கூட்டப்படும். ஃபங்ஷனின் தொடக்கத்தில் ‘க’வை ஓர் உள் மாறியில் நகலெடுத்தாலும் இதே பலன். இந்த இடத்தை வேறு பெயர் சுட்டாது என்று வாக்களிக்கும் ரெஸ்ட்ரிக்ட் என்ற குறிச்சொல்லும் உண்டு. சி மொழியில் 1999 தரத்திலேயே வந்துவிட்டது, சி பிளஸ் பிளஸ் தரத்தில் இல்லை. முன்னால் இரண்டு அடிக்கோடுகள் இட்டால் ஜிசிசியும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரும் ஏற்கும். ஆனால் அழைப்பவர் அந்த வாக்கை மீறினால் விடை என்னவாகும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. நகல்தான் என் தேர்வு.

இரண்டின் வகையும் வேறுபட்டாலும் இதே பலன் கிடைக்கும். அணியை ஃப்ளோட் ஆக்கி, ‘க’வை இன்ட் ரெஃபரன்ஸாகவே விட்டு, ஓ2 கொடுங்கள். இரண்டும் ஒரே இடமாக இருக்க மொழி விதி இடம்தராததால், படிக்கும் கட்டளை லூப்புக்கு வெளியே போய்விடும்.

இதற்காக எல்லாவற்றையும் மதிப்பாக அனுப்பத் தொடங்காதீர்கள். ஸ்ட்ரிங், வெக்டர் போன்றவற்றுக்குக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸே சரி. இன்ட், டபிள், 16 பைட்டுக்குள் அடங்கும் எளிய ஸ்ட்ரக்ட் ஆகியவை ரெஜிஸ்டரிலேயே போய்விடும்.

படி 4: அழைப்பே மறைவது

அழைக்கும் ஃபங்ஷனும் அதே கோப்பில் இருந்தால், சிறிய ஃபங்ஷனை ஓ2 பெரும்பாலும் இன்லைன் செய்துவிடும், அதாவது அழைப்புக்குப் பதில் அதன் உடலையே அங்கே வைத்துவிடும். அப்போது முகவரி எடுக்கும் தேவையே இல்லை. மாறி ரெஜிஸ்டரிலேயே இருக்கும்.

இன்லைன் ஆகாவிட்டாலும் வழி உண்டு. ஒரு ரெஃபரன்ஸை வாங்கி இரட்டிப்பாக்கித் தரும் ஸ்டாட்டிக் (அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரியும்) ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். எல்லா அழைப்புகளும் கண்முன் இருப்பதால், கம்பைலரே ரெஃபரன்ஸை மதிப்பாக மாற்றிவிடும். ஜிசிசியில் இது ஓ2-இலேயே நடக்கும்; கிளாங்கில் ஆர்க்யுமென்ட் ப்ரொமோஷன் என்ற பெயரில் ஓ3-இல்.

பின்சேர்க்கை: படி 4-ஐச் செய்து பார்த்த சிலர், ஸ்டாட்டிக் போட்டதும் ஃபங்ஷனே காணவில்லை என்று எழுதியிருந்தார்கள். யாரும் அழைக்காத ஸ்டாட்டிக் ஃபங்ஷனைக் கம்பைலர் நீக்கிவிடும்; அழைத்தால் இன்லைன் செய்துவிடும். எனவே ஓர் இன்ட்டை வாங்கி அதை அப்படியே அனுப்பும் சாதாரண ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்து, ஸ்டாட்டிக் ஃபங்ஷனுக்கு நோஇன்லைன் (இன்லைன் செய்யாதே என்னும்) பண்பைக் கொடுங்கள். ஜிசிசியில் அதன் பெயரோடு ‘ஐஎஸ்ஆர்ஏ’ என்ற ஒட்டு தோன்றும். உள்ளே முகவரியைப் படிக்கும் கட்டளை இருக்காது. ஃபங்ஷன்கள் வெவ்வேறு கோப்புகளில் இருந்தால் கம்பைல், லிங்க் இரண்டுக்கும் மைனஸ் எஃப்எல்டிஓ என்ற, கோப்புகளைச் சேர்க்கும்போதும் மேம்படுத்தச் சொல்லும் தேர்வைச் சேர்க்க வேண்டும்.