ஃபுளோரிடா கரையில் இரவில் சுறா பிடிப்பது: புதியவர்கள் சொதப்பும் இடங்கள்

குளிக்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, ராத்திரி, தடிமனான தூண்டில் ராடுகளை மணலில் நட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி சுறாவுக்குக் காத்திருக்கும் கூட்டம் ஃபுளோரிடாவில் உண்டு. புதிதாகச் சேர்பவர்கள் எந்த ரீல், எந்த இரை என்றுதான் கேட்பார்கள். மாட்டிய சுறாவை எத்தனை நிமிடத்தில் திருப்பி விடப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் புலிச் சுறா, லெமன் சுறா, நம் ஊர் மீனவர்கள் கொம்பன் என்று சொல்லும் சுத்தியல் தலைச் சுறா, இவையெல்லாம் அங்கே வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதவை. வைத்துக்கொள்ளலாம் என்ற வகைகளிலும் ஆளுக்கு நாளைக்கு ஒன்றுதான், அதிலும் பலவற்றுக்கு மூக்கிலிருந்து வால் பிளவு வரை 54 அங்குலம் இருக்க வேண்டும்.

சுறா உயிரோடு திரும்ப வேண்டும், அதனால் முதல் தவறே மெல்லிய தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் நரம்பு; அதில் போராட்டம் நீளும். ஒரு மணி நேரம் போராடி அடக்கினேன் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கொம்பன் மாதிரி மீன் கடைசி மூச்சு வரை இழுத்துப் பார்க்கும், உடம்பில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும், விட்டதும் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் ஆழத்துக்குப் போய்ச் செத்துவிடக்கூடும். கனமான கருவி வாங்க முடியாவிட்டால் சின்ன மீனுக்குப் போங்கள்.

அடுத்தது போட்டோ. இதில்தான் எனக்குக் கோபமே வரும். சுறாவுக்கு விலா எலும்பு கிடையாது. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த அந்தக் கனத்தை உலர்ந்த மணலில் இழுத்துப் போட்டால், அதன் எடையே உள்ளுறுப்புகளை அழுத்தும், செவுளும் காய்ந்து போகும். போதாக்குறைக்கு மேலே ஏறி உட்கார்ந்து ஒரு படம் வேறு! 2019 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, தடை செய்யப்பட்ட வகை என்றால் செவுள் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், விடுவதைத் தாமதிக்கவும் கூடாது. முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கிளிக், அவ்வளவுதான்.

கம்பி வெட்டும் கட்டர் கையில் இருப்பதும் சட்டம்தான். இருட்டில் அது எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம். நான் முதல் தடவை போனபோது கட்டர் இரை வைத்திருந்த ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அலையில் ஒருவர் சுறாவோடு நிற்க, நான் மீன் துண்டுகளுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் இடுப்பில் கட்டிக்கொள்கிறேன்.

தூண்டில் முள் விஷயத்தில், மீன் இரை கோர்த்தால் நுனி உள்பக்கம் வளைந்த சர்க்கிள் ஹூக்தான் போட வேண்டும், அதுவும் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்ததாக இருக்கக் கூடாது. பழைய பழக்கத்தில் கடித்தவுடன் வெடுக்கென்று இழுக்கிறார்கள் பாருங்கள், அதுதான் கெடுக்கிறது. சுறா இரையோடு திரும்பிப் போகட்டும், தங்கூசி இறுகும்போது முள் தானாகவே வாயோரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். தொண்டைக்குள் இறங்காமல் இருக்கத்தான் அந்த வடிவமே.

ரத்தம், மீன் கழிவு எல்லாம் கரையிலிருந்து கொட்டிச் சுறாவை வரவழைப்பதும் அங்கே தடை.

வெள்ளை டார்ச்சை அடித்துக்கொண்டே நடக்காதீர்கள். ஃபுளோரிடாவின் பெரும்பாலான கரைகளில் மே முதல் அக்டோபர் வரை, அட்லாண்டிக் பக்கம் சில மாவட்டங்களில் மார்ச்சிலிருந்தே, கடலாமைகள் முட்டையிடும் காலம். வெளிச்சத்தைக் கண்டு தாய் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலுக்குப் பதிலாக ரோட்டுப் பக்கம் ஊர்ந்து போகும். சிவப்பு விளக்கு போதும், கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும்.

அப்புறம், தங்கூசிக்கும் முள்ளுக்கும் நடுவே இருக்கும் லீடர் கம்பியைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், சுறா ஒரு உதறு உதறினால் விரல் அதோடு போய்விடும். வாலைப் பிடித்தால் பத்திரம் என்று நினைப்பதும் தப்பு: குருத்தெலும்பு உடம்பு, வளைந்து திரும்பிக் கடிக்கும். இரையைக் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் கொண்டுபோய்ப் போடுவதாக இருந்தால் லைஃப் ஜாக்கெட்டோடு போங்கள், கரையில் ரீலைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும்.

கரையிலிருந்து சுறா பிடிப்பதற்கான பெர்மிட்டைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். காசு கிடையாது. ஆன்லைனில் ஒரு பாடம் படித்துவிட்டு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 65 தாண்டியவர்களுக்கும் விலக்கு இல்லை.